மணவறையில் முகாரி

உக்கிரபாண்டி: தவறிட்டுன்னு சொல்லுதேம்லா. எத்தன வாட்டி கேப்ப?

முப்பிடாதி: இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணாச்சி. மாப்பிள்ளை மணவறைக்கு நடந்து வாரான்... நீங்க முகாரி வாசிக்குதீங்க. கல்யாண வீட்டுல முகாரி!

உக்கிரபாண்டி: பைரவின்னுதாம்ல எடுத்தேன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அசதியில வாசல் மாறிட்டு.

முப்பிடாதி: யாருகிட்ட? பதினாலு வருசமா உங்க நாயனத்துக்குப் பக்கத்துல தவில் வாசிக்கேன். பைரவியில ஏறையில காந்தாரம் உண்டு. நீங்க ரி-யிலருந்து ஒரே தாவு, ம-வுக்கு. ஒருக்கா தாவுனா அசதின்னு சொல்லலாம். மூணு வாட்டில்லா தாவுனீங்க!

உக்கிரபாண்டி: வைகாசி பொறந்து இது ஒம்பதாவது கல்யாணம். ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு... ஸ்ஸ்... இந்த உதடு பேச விட மாட்டங்குது.

முப்பிடாதி: காட்டுங்க. ஏ யம்மா... நல்லா வெடிச்சிருக்கே! பொண்ணோட சித்தப்பன் நாயனத்தப் பிடிச்சுத் தள்ளுனானே, அப்பமா?

உக்கிரபாண்டி: அப்பந்தான்.

முப்பிடாதி: இந்த உதட்ட வச்சிக்கிட்டு இனி எப்ப வாசிக்க?

உக்கிரபாண்டி: கூப்பிட ஆளிருந்தால்லா வாசிக்கணும்? உதடு ஆறிரும். பேரு ஆறாது.

முப்பிடாதி: கல்யாணத்துல முகாரி வாசிச்ச மேளம்னு கயத்தாறு வரைக்கும் சொல்லுவான். எனக்கு மூணு பிள்ளைய அண்ணாச்சி.

உக்கிரபாண்டி: தெரியும்லே... தெரியும்.

முப்பிடாதி: வயிறு வேற கபகபங்குது. இலை போட்டு வச்சிருந்தான், பாத்தீங்களா? பாயசம் கொதிக்குத வாசம் மணவறைக்கே வந்துது. காலையில ஆகிரி ராகம் வாசிச்சாத்தான் அன்னைக்கிச் சோறு கிடைக்காதும்பாவ. முகாரியும் அப்படித்தான் போல.

உக்கிரபாண்டி: அந்தா பஸ் ஸ்டாப்புப் பானையில தண்ணி இருக்கு. குடி.

முப்பிடாதி: குடிச்சாச்சு. ரெண்டு செம்பு... ஆனாலும் அந்த ஜவுளிக்கடை இஸ்மாயில் முதலாளி சும்மா இருந்திருக்கலாம். மத்தவனுக்கு என்ன ராகம் தெரியும்? பீப்பின்னு ஊதுனா கல்யாணம். அவருதான் கடையில ரேடியோவ வச்சுக் கச்சேரி கேட்டுக் கேட்டு... ‘எலே, நிப்பாட்டு! இது எழவுக்குள்ள ராகம்லா’ன்னு எந்திரிச்சிட்டாரு. பெறவுதான் அம்புட்டு ரகளையும்.

உக்கிரபாண்டி: அவரு முன்வரிசையில இருக்காருன்னு பாத்துட்டுத்தான...

முப்பிடாதி: என்னது?

உக்கிரபாண்டி: ஒண்ணுமில்ல. அவரு இருந்தத நான் பாக்கலன்னு சொல்ல வந்தேன்.

முப்பிடாதி: ம்... சரி.

உக்கிரபாண்டி: ஏலே, அந்தா கோவில்பட்டி பஸ். எந்திரி, எந்திரி. வீட்டுக்குப் போயிப் படுக்கணும்.

முப்பிடாதி: கூட்டமா இருக்கு. அடுத்ததுல போவோம்.

உக்கிரபாண்டி: கூட்டமா? டிரைவரோட சேத்து எட்டுப் பேரு இருக்கான்!

முப்பிடாதி: தவில வைக்க எடம் வேணும்லா.

உக்கிரபாண்டி: போச்சு. இனி ஒரு மணி நேரம் இந்த இடைசெவல் வெலக்குல வெயில் காய வேண்டியதுதான். இல்ல, தெரியாமத்தான் கேக்குதேன்... வந்ததுலருந்து பாக்கேன். நாம போகணும்னா வடக்க போற பஸ்ஸப் பாக்கணும். நீ வடக்கயிருந்து வாற பஸ்ஸையே எட்டி எட்டிப் பாக்குத. யாருல வாரா?

முப்பிடாதி: யாரு வாரா? சும்மா பாத்தேன். அடுத்த முகூர்த்தம் எப்பன்னு சொன்னாவ?

உக்கிரபாண்டி: பன்னெண்டுக்கு. கயத்தாத்துக்குக் கார் போயிருக்கு, வேற மேளம் கூட்டியார.

முப்பிடாதி: இப்ப மணி?

உக்கிரபாண்டி: பதினொண்ணரை இருக்கும். உனக்கு என்னத்துக்கு மணி? ஆமா... உன் தவில் வார் எப்ப அறுந்துது?

முப்பிடாதி: அது... ரகளையில.

உக்கிரபாண்டி: என்னைய எறக்கி விட்டுட்டு, நாயனம் போனாப் போவுது, தவில் இருக்குல்லான்னு பெரியவரு வெரல ஆட்டுனாரே, ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’னு. நீ அப்படியே உக்காந்திருந்த.

முப்பிடாதி: வார் அறுந்த தவில்ல என்னத்த அடிக்க?

உக்கிரபாண்டி: கொண்டா இங்கன.

முப்பிடாதி: கெடக்கட்டும் அண்ணாச்சி...

உக்கிரபாண்டி: கொண்டாலே... இது அறுந்த வாரா? அறுத்த வாருல்லா! வெட்டு நேரா இருக்கு. அதான பாத்தேன். தாம்பாளத்துல இருந்த பாக்குவெட்டியக் காணும்னு பொம்பளைய தேடிக்கிட்டுக் கெடந்தாவ.

முப்பிடாதி: தவில இப்படிக் குடுங்க அண்ணாச்சி.

உக்கிரபாண்டி: கெட்டிமேளம் இல்லாம இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் தாலி கட்ட மாட்டான். தெரிஞ்சுதான செஞ்ச?

முப்பிடாதி: நீங்க மொதல்ல சொல்லுங்க.

உக்கிரபாண்டி: என்னத்தச் சொல்ல?

முப்பிடாதி: பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம். நீங்க மூத்தவுக. மொதல்ல சொல்லுங்க.

உக்கிரபாண்டி: ...அந்த மாப்பிள்ளைக்கு நான் முன்னாலயே வாசிச்சிருக்கேம்ல.

முப்பிடாதி: எங்கன?

உக்கிரபாண்டி: கடம்பூர்ல. அவன் மொதக் கல்யாணத்துக்கு. மூணு வருசம் ஆச்சு. நீ காய்ச்சல்ல கெடந்த, வேற தவில வச்சுப் போனேன். நேத்து மாப்பிள்ளை அழைப்புல அவன் மொகத்தப் பாத்ததும் பகீர்னுட்டு. காதோரத்துல தழும்பு... அவனேதான்.

முப்பிடாதி: நேத்தே பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கலாம்லா?

உக்கிரபாண்டி: சொல்லாம இருப்பனா? பொண்ணோட அப்பனத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். ரெண்டாங் கட்டு செல்லாதுன்னு சட்டமே வந்திருக்குய்யான்னு கூடச் சொன்னேன். ‘குடிச்சிருக்கியா? மேளக்காரனுக்கு நாயனத்துலதான் பேச்சு’ன்னுட்டான். சரி... நாயனத்துலயே பேசிட்டேன்.

முப்பிடாதி: அண்ணாச்சி...

உக்கிரபாண்டி: கடம்பூர்ல அந்தப் பிள்ளைக்கு ஆனந்தபைரவி வாசிச்சேன்ல. ரொம்ப நல்லா அமைஞ்சுது அன்னைக்கி. தலை குனிஞ்சு உக்காந்திருந்த பிள்ளை நிமிந்து என்னையப் பாத்துச் சிரிச்சுது. என்ன பிரயோசனம்? இன்னைக்கி இந்தப் பிள்ளைக்கும் அதையே வாசிக்க எனக்கு மூச்சு வரல. இப்ப நீ சொல்லு. நீதான் கடம்பூருக்கு வரலயே, அவன் உனக்கு எப்படித் தெரியும்?

முப்பிடாதி: அந்தக் கடம்பூர்ப் பிள்ளை பேரு வெயிலுகந்தம்மா. கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல என் வீட்டுக்காரிக்குப் பக்கத்துல உக்காந்துதான் தீக்குச்சிக் கட்டை அடுக்குது. கைப்பிள்ளை ஒண்ணு. சனிக்கிழமையானா இவன் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பான். அடிச்சுக் கூலியப் பிடுங்கிட்டுப் போவான். நானே ரெண்டு வாட்டி வெலக்கி விட்டிருக்கேன்.

உக்கிரபாண்டி: அடப்பாவி...

முப்பிடாதி: நேத்து சாயங்காலம் பருத்தி லாரிக்காரன்கிட்ட என் வீட்டுக்குச் சொல்லி விட்டேன், மொத பஸ்ஸுல அந்தப் பிள்ளைய ஏத்தி விடுன்னு. பிள்ளையோட மணவறை முன்னால வந்து நின்னா எவன் என்ன பேச முடியும்? மொத பஸ் வந்துது... அது வரல. அடுத்ததும் வந்துது... அதுலயும் வரல.

உக்கிரபாண்டி: அதான் வாரை அறுத்தியாக்கும். என்கிட்ட ஏம்ல சொல்லல?

முப்பிடாதி: உங்க பொழப்பும் எதுக்குக் கெடணும்? நான் ஒருத்தன் கெட்டாப் போதும்னு நெனச்சேன்.

உக்கிரபாண்டி: நானும் அதைத்தாம்ல நெனச்சேன், கூறுகெட்டவனே.

முப்பிடாதி: ரெண்டு பேரும் சேந்தே கெட்டாச்சு.

உக்கிரபாண்டி: சிரிக்க வைக்காத. உதடு வலிக்கி... ஏலே, அங்க பாரு. கார்!

முப்பிடாதி: அவியதான். உள்ள நாயனம் தெரியுது. தவிலும் இருக்கு... போச்சு அண்ணாச்சி. எல்லாம் வீண்.

உக்கிரபாண்டி: பொறு. வடக்க பாரு, ஒரு பஸ் வருது.

முப்பிடாதி: நிக்குது... நிக்குது! பிள்ளையோட எறங்குது பாருங்க. வந்துட்டு அண்ணாச்சி! ஏ தாயி, வெயிலுகந்தம்மா! இங்கன, இங்கன!

வெயிலுகந்தம்மாள்: அண்ணாச்சி... தாலி கட்டியாச்சா?

முப்பிடாதி: இல்ல தாயி. நிப்பாட்டி வச்சிருக்கோம். இவிய உதட்டப் பாரு, இவியதான் நிப்பாட்டுனாவ.

வெயிலுகந்தம்மாள்: இன்னுமா கட்டல?

முப்பிடாதி: என்ன இப்படிக் கேக்குத? மொத பஸ்ஸுக்கே சொல்லி விட்டேனே... எடம் கிடைக்கலயா?

வெயிலுகந்தம்மாள்: கடம்பூர்ல வாசிச்சவியதான நீங்க? நல்லாருக்கியளா?

உக்கிரபாண்டி: இருக்கேன் தாயி. சீக்கிரம் போ. கார்ல வேற மேளம் போயிட்டு.

வெயிலுகந்தம்மாள்: அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?

உக்கிரபாண்டி: பதினேழு இருக்கும்.

வெயிலுகந்தம்மாள்: எனக்கும் அன்னைக்கி அதான்... பஸ்ஸுல எடமெல்லாம் இருந்துது அண்ணாச்சி. விடிஞ்சதுலருந்து ஸ்டாண்டுல உக்காந்து மூணு பஸ்ஸ நாந்தான் விட்டேன். கட்டித் தொலையட்டும், அவ ஒருத்தி வந்துட்டா என்னைய அடிக்க வர மாட்டான், நானும் பிள்ளையும் நிம்மதியாத் தூங்குவோம்னுதான் உக்காந்திருந்தேன். நாலாவது பஸ் வரையில மனசு கேக்கல, ஏறிட்டேன்... கொஞ்சம் பிள்ளையப் பிடிங்க, கை கடுக்குது. அந்த வீடு எங்கன இருக்கு?