முதல் அசைக்கு ஓங்கித் தட்டு

தூரிட்: மறுபடி சொல்லு. ஃபிஸ்-கெ-கா-கெ, மீன் வடை. மேசையில தட்டிக்கிட்டே.

ஓட்மண்ட்: ஃபிஸ்... கெ... காஆ... கெ.

தூரிட்: ‘கா’வுல போய் இடிக்கிற பாரு. நம்ம மொழியில ரெண்டு சொல்லு ஒட்டினா முதல் சொல்லோட தலையிலதான் அழுத்தம். மீனுக்கு ஓங்கித் தட்டு, வடைக்கு மெதுவா.

ஓட்மண்ட்: பக்க... வாதம் வந்தவன்கிட்ட... மீன் வடையா...

தூரிட்: திங்க மட்டும் வருதில்ல? வெள்ளிக்கிழமை படகுக் கம்பெனியில உன் பேச்ச சோதிக்கப் போறாங்க. இப்படிப் பேசினா சுக்கான உன் கையில தருவாங்களா? அடுத்தது... ஷீ-ரென். பனிச்சறுக்குப் பந்தயம்.

ஓட்மண்ட்: ஷீ... ரெஎன்.

தூரிட்: இதுவும் பின்னாடிதானா?

ஓட்மண்ட்: வரல... தூரிட்.

தூரிட்: சனிக்கிழமை வந்துச்சே.

ஓட்மண்ட்: ...என்ன?

தூரிட்: கடைக்குக் கிளம்பினேன். கையுறைய மறந்துட்டுப் பாதி வழியில திரும்பினேன். உள்ள ரேடியோவுல பந்தயம். ஸ்வீடன்காரன் முந்திட்டான்னு நீ திட்டிட்டிருந்த... ஒட்டுச் சொல்லா அடுக்கின. ஒண்ணுல கூட அழுத்தம் பிசகல. கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஓட்மண்ட்: கோவத்துல... தானா வரும்னு... டாக்டரே...

தூரிட்: திட்டு வரும்னுதான் சொன்னார். ‘நம்ம நாட்டுப் பையன் சறுக்குப் பலகைக்கு மெழுகு தப்பாப் போட்டுட்டான், ஏத்தத்துல பின்னாடி வழுக்குது’ன்னு ஆராய்ச்சியுமா வரும்?

ஓட்மண்ட்: நீ... தப்பா... கேட்டிருப்ப...

தூரிட்: எப்பலேர்ந்து?

ஓட்மண்ட்: ...போன ஈஸ்டருக்கு முன்னாடியே சரியாயிடுச்சு.

தூரிட்: அடப்பாவி... எவ்வளவு சரளமாச் சொல்ற.

ஓட்மண்ட்: கத்தாத, தூரிட்.

தூரிட்: நான் எங்க கத்தறேன்? எனக்குத்தான் இப்போ பேச்சு வரல. தினமும் உன் எதிர்ல உக்காந்து, பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி... உள்ளுக்குள்ள சிரிச்சியா?

ஓட்மண்ட்: ஒரு நாளும் இல்ல.

தூரிட்: அந்தப் படகுன்னா உனக்கு உசிரு. பொண்டாட்டி நான், எனக்குத் தெரியாதா? அதையே விட்டுட்டு ஊமை வேஷம் போட அப்படி என்ன வந்துச்சு?

ஓட்மண்ட்: வேணாம். விடு.

தூரிட்: சொல்லு, ஓட்மண்ட்.

ஓட்மண்ட்: முதல்ல சரியா வந்தது ‘ஸூல்-ஷின்’. ஜன்னல்ல வெயில் அடிச்சுது, வெயிலுக்கான சொல்லு தானா வாயில வந்துடுச்சு. உன்கிட்ட சொல்லிக் காட்டலாம்னு சமையலறைக்கு ஓடி வந்தேன்... நீ போன்ல உன் தங்கச்சிகிட்ட, ‘அவனுக்குப் பேச்சு வந்த மறுநாளே நான் ஒரேயடியா அங்க வந்துடறேன், அது வரைக்கும் விட்டுட்டு வர மனசு கேக்கல’ன்னு அழுதிட்டிருந்த.