ஏழு தடவை வந்தவர்

— மூணாவது வரி படிங்க.

— ட, ப, ம, ச, ர.

— நாலாவது?

— க, ந, ழ, த, வ. போதுமா டாக்டரம்மா? ஆஸ்பத்திரிலதான் காலைலேருந்து படிச்சு படிச்சு வாய் வலிக்குது. நம்ம கண்ணாடிக் கடைய திறக்க வேண்டாமா?

— கடைசி வரி?

— ல, ய, ற, ண, ங. அந்த ‘ங’ மட்டும் கொஞ்சம் மங்கல். அதாவது என்னன்னா, பல்பு சரியில்ல. மாத்தணும்.

— சாரே, காலைல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே சார்ட்டைத் திருப்பி மாட்டிட்டேன். இப்ப உங்க எதிர்ல இருக்கிறது அதோட முதுகு. வெறும் வெள்ளை அட்டை.

— முதுகா?

— நிமிர்ந்துகூடப் பார்க்கல நீங்க. கையில அந்த ஃப்ரேமைத் துடைச்சுக்கிட்டே ஒப்பிச்சீங்க.

— அதாவது என்னன்னா...

— அந்த அதாவது எல்லாம் அப்புறம். எத்தனை நாளா?

— தினமும் அதுக்கு தூசு தட்டுறவன் நான்தானே. பாட்டு மாதிரி மனசுல ஏறிப்போச்சு.

— நான் அதைக் கேக்கல. என்கிட்ட எத்தனை நாளா ஒப்பிக்கிறீங்க?

— ரெண்டு வருஷம். சரி, மூணுன்னு வச்சுக்கோயேன்.

— மூணு வருஷம்! ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதே நாற்காலில உட்கார வச்சு, ‘பரவாயில்ல, அப்படியேதான் இருக்கு’ன்னு நானும் எழுதிக்கிட்டே வந்திருக்கேன். ஊரான் கண்ணுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்க்கிறவ, வீட்டு ஆளுதானே, சார்ட் படிச்சா போதும்னு விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ...கைய!

— என்ன?

— கைய எடுங்க! கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு மணி நேரம் ஆகல.

— அரிக்குதே.

— அரிச்சா என் கையைப் பிடிச்சுக்கோங்க.

— இது நல்லா இருக்கே. இப்பவே ரொம்ப அரிக்குது.

— சிரிக்காதீங்க. எனக்கு வர்ற கோவத்துக்கு... ஏன் சொல்லல? ஒரு வார்த்தை, ‘தெரியல’ன்னு ஒரு வார்த்தை!

— சொன்னா ஸ்க்ரூட்ரைவரைப் பிடுங்கிடுவ. என்னைக் கல்லாப்பெட்டிகிட்ட உட்கார வச்சு, ‘வாங்க, உட்காருங்க’ன்னு சொல்ற ஆளாக்கிடுவ. எனக்கு லென்ஸ் மாட்டத்தான் தெரியும். வேற என்ன தெரியும், சொல்லு?

— அதுக்கு அந்த தபால்காரருக்கு இடது கண்ணு லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுக்கறதா? பாவம் மனுஷன், நாலு நாளா பக்கத்து வீட்டுக்காரங்க கடுதாசியெல்லாம் எதிர் வீட்டுல போட்டிருக்கார்.

— வலது லென்ஸுக்கு ஒண்ணு, இடதுக்கு ரெண்டுன்னு நீ மையில வைக்கிற புள்ளி எனக்கு ஒவ்வொண்ணும் ரெண்டா தெரிஞ்சுது. ஒண்ணுக்குக் கீழ நிழல் மாதிரி இன்னொண்ணு. எது நிஜப் புள்ளி, எது அதோட தம்பின்னு தெரியல. குத்துமதிப்பா மாட்டிட்டேன்.

— அவரு வந்து சத்தம் போடலன்னா இன்னும் தெரிஞ்சிருக்காது எனக்கு.

— அவருக்கு ஒரு கூலிங்கிளாஸ் சும்மா கொடுத்துடலாம்.

— பேச்சை மாத்தாதீங்க. நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்.

— என்ன?

— சார்ட்டைத் திருப்பி மாட்டினது உங்களைப் பிடிக்கறதுக்கு மட்டும் இல்ல. அது இனிமே அப்படியேதான் இருக்கும். நான் யார் கண்ணையும் பார்க்கப் போறதில்ல. ஃப்ரேம் வித்துக்கிட்டு உட்காரலாம். டெஸ்ட்டுக்கு வர்றவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க.

— ஏய், என்ன பேசற நீ?

— கூடவே படுத்து எந்திரிக்கிற மனுஷன் கண்ணு கூம்பா வளர்ந்துக்கிட்டு இருந்திருக்கு. அதைப் பார்க்கத் தெரியாதவ அடுத்தவங்க கண்ணைப் பார்த்து என்ன கிழிக்கப் போறேன்?

— நான் பொய் சொன்னேன், நீ நம்பின. தப்பு என் பேர்லதானே?

— உங்க பேர்லயும்தான். அதை அப்புறம் வச்சுக்கறேன். இப்ப எழுந்து வாங்க, அந்தப் பழைய கார்டுப் பெட்டியை இறக்கணும். எத்தனை வருஷமா எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியணும், பழைய நம்பர் எல்லாம் கொண்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல.

— கெரட்டோகோனஸ். அம்மாடி, பேரு சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்குது. கருவிழி மெலிஞ்சு போய் முன்னால தள்ளுதாம். எங்க வீட்டுல எனக்கு மட்டும்தான் மூக்கு சப்பைன்னு கிண்டல் பண்ணுவாங்க. கண்ணாவது கூரா இருக்கட்டும்.

— ஸ்டூல்ல நான் ஏறறேன். நீங்க கீழ பிடிங்க.

— இங்க பாரு. ஒண்ணு கேக்கவா? அந்த நீல வெளிச்சம் காட்டி கருவிழியை இறுக்குவாங்கன்னு சொன்னாரே. வலிக்குமா?

— மரத்துப்போக மருந்து விடுவாங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் உறுத்தும், தண்ணியா வரும்.

— செஞ்சா முன்ன மாதிரி தெரியுமா?

— போனது வராதுங்க. இதுக்கு மேல போகாம நிக்கும். நல்லா தெரியறதுக்குக் கெட்டி லென்ஸ் இருக்கு, கண்ணுக்குள்ளயே போட்டுக்கறது.

— நீ போட்டு விடுவியா?

— முதல்ல நான் போட்டு விடுறேன். அப்புறம் நீங்களே பழகிக்கணும்.

— எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான். பெட்டியைப் பிடிங்க.

— பிடிச்சாச்சு. அப்பா, என்ன தூசு! தும்மலாமா, அதுவும் கூடாதா?

— தும்முங்க, கசக்காதீங்க. ...இதோ, நீங்க முதல் முதலா வந்த வருஷம். இது அந்த டெய்லர். இது வாட்ச்மேன். இதோ சார் கார்டு! பாருங்க, ஓரத்துல சிவப்பு மையில என்ன எழுதியிருக்கேன்னு.

— நீயே படி. இனிமே நான் பொய் சொல்றதா இல்ல.

— ‘கண்ணில் கோளாறு இல்லை. ஆளுக்குத்தான் கோளாறு.’

— அடிப்பாவி! வாடிக்கையாளர் கார்டுல இப்படியா எழுதுவாங்க?

— பின்ன? ஒரு வருஷத்துல ஏழு தடவை. ‘மேடம், இந்தக் கண்ணாடி சரியில்ல. மேடம், இதுலயும் லைட்டுக்கு வால் முளைக்குது.’ என்னைப் பார்க்க ஒரு சாக்குன்னு கடைல எல்லாரும் சிரிப்பாங்க. நம்ம கல்யாணத்துல, அப்ப இந்தக் கடையை வச்சிருந்த எங்க முதலாளி மேடையேறி அதைத்தானே சொன்னார்? ‘கண்ணு தெரியாத மாதிரி நடிச்சே பொண்ணைத் தட்டிட்டான்’னு. நான் இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்!

— வாரம் ஒருத்தருக்கு.

— முதல் தடவை, லென்ஸ்ல பவர் வைக்கிற கோணம் முப்பது. ரெண்டாவது தடவை நாற்பத்தஞ்சு. மூணாவது... இருங்க.

— என்ன?

— பவர் ஏறிக்கிட்டே வருது. கோணம் ஒவ்வொரு தடவையும் வேற. இது நீங்க சொல்லி எழுதின கணக்கு இல்ல. நான் டார்ச் அடிச்சு, உள்ள வெளிச்சம் அசையறதைப் பார்த்து எடுத்தது. இதுல யாராலயும் நடிக்க முடியாது.

— ம்.

— எனக்கு ஞாபகம் வருது. டார்ச் அடிக்கும்போது உங்க கண்ணுக்குள்ள வெளிச்சம் கத்தரிக்கோல் மாதிரி வெட்டி வெட்டி ஆடுச்சு. நீங்க வேணும்னே கண்ணை உருட்டி என்னைச் சீண்டறீங்கன்னு நினைச்சேன். ‘ஆடாம உட்காருங்க சார்’னு வெட்கப்பட்டுக்கிட்டே சொன்னேன். கடவுளே! அதுதான் இதோட அடையாளமே. புத்தகத்துல படிச்சவதான் நான்.

— நான் ஆடவே இல்ல. மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

— அப்ப நீங்க நடிக்கல.

— இல்ல.

— நிஜமாவே தெரியல உங்களுக்கு.

— நிஜமாவே தெரியல. நான் நடிச்சேன்னு நீங்கல்லாம் நினைக்கிற விஷயமே கல்யாண மேடைல உங்க முதலாளி சொன்னப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. நீ அப்படிச் சிரிச்ச. அதைக் கெடுக்க மனசு வரல. அப்புறம், தெரியலன்னு சொன்னா அந்தக் கதை பொய்யாயிடுமேன்னு...

— அதுக்குத்தான் சார்ட்டை மனப்பாடம் பண்ணீங்களா?

— அதுக்கும்தான்.

— முட்டாள்! பெரிய முட்டாள்! ஒரு கதைக்காகவா கண்ணை... நானும் சேர்த்துத்தான் முட்டாள். கண்ணு தெரியாம தவிச்சு வந்த மனுஷனைப் பார்த்து, என் அழகுல மயங்கி வர்றான்னு நினைச்சிருக்கேன்.

— அழாதே. ஏய், நீ கண்ணைக் கசக்கலாமா? கைய எடு! அந்தக் கார்டை இன்னொரு தடவை பாரு.

— என்னத்தைப் பார்க்கறது?

— இவன் பொய் சொல்றான்னு நினைச்சிருக்க. ஆனா ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சு, என்ன இருந்துதோ அதை அப்படியே எழுதியிருக்க. ‘போன தடவை மாதிரிதான்’னு ஒரு கோடு போட்டுத் தள்ளல. டாக்டர் கேட்டது இந்தக் கணக்கைத்தானே? வேற எந்தக் கடைல என் கண்ணுக்கு இவ்வளவு கணக்கு இருக்கும்? நீ டெஸ்ட் பண்ண மாட்டேன்னு சொன்னா நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் எங்க போவான்?

— இப்ப வந்தா அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்த உடனே கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவேன்.

— அதான் சொல்றேன். சார்ட்டைத் திருப்பி மாட்டு.

— மாட்ட மாட்டேன்.

— இவ்வளவு சொல்லியுமா?

— புதுசு வாங்கணும். வேற எழுத்து. அதுக்கு நான்தான் தூசு தட்டுவேன். நீங்க அது பக்கமே வரக் கூடாது.

— உத்தரவு டாக்டரம்மா.

— நாளைக்கு இந்தக் கார்டை எடுத்துக்கிட்டுப் போய் வைத்தியத்துக்குத் தேதி வாங்கறோம். நீங்க வேலைக்கு வராத நாள்ல லென்ஸ் நான் மாட்டுவேன். திரும்பி வந்ததும் ஸ்க்ரூட்ரைவர் உங்ககிட்டதான்.

— சத்தியமா?

— சத்தியமா. ...ஒண்ணு மட்டும் உறுத்துதுங்க. அவ்வளவு தடவையும் கண்ணாடிக்குத்தான் வந்தீங்க. எனக்காக ஒரு தடவைகூட வரல.

— கார்டுல எத்தனை நம்பர் இருக்கு?

— ஒண்ணு, ரெண்டு... ஆறு. ஏழாவதுல தேதி மட்டும் இருக்கு. பக்கத்துல ஒண்ணுமே எழுதல. என்ன ஆச்சு அன்னைக்கு? மழை பெய்ஞ்சுது, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பேசினோம், அது ஞாபகம் இருக்கு. ஏன் டெஸ்ட் பண்ணாம விட்டேன்?

— அதாவது என்னன்னா, எந்தக் கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியப் போறதில்லன்னு ஆறாவது தடவையே புரிஞ்சு போச்சு. ஏழாவது தடவை நான் கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்தேன்.