மேகக்கோட்டைக்கு ஒரு ஸ்டாரும் கெடையாது

ஒன்னும் போடாத. அஞ்சு ஸ்டாருல ஒன்னு கூட போடாத. முட்டை போட அதுல எடம் இல்லையா? இல்லன்னா வுடு, காலியா கெடக்கட்டும். டிவிக்காரனே ஆளு அனுப்பி, எங்க மேகக்கோட்டை கார்ட்டூனு எப்பிடிக்கீதுன்னு வூடு வூடா கேக்கறான். நான் பாத்ததத்தான நான் சொல்ல முடியும்.

பேரா? கல்பனா. வூட்டுக்காரரு தாமோதரன், சொந்த நெலம், பயிர் வேலை. பொண்ணு ஒன்னுதான், கீர்த்தி, ஏயாவது படிச்சிக்கினு கீறா. கடைசியா பாத்தது போன ஞாயித்துக்கெயம வந்த கதை. அதுக்கப்புறம் ஒயரப் புடுங்கி பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன். மொதல்ல இத்த எயுது. அன்னிலேர்ந்து எம் பொண்ணு எங்ககூட குந்தி துன்றதில்ல. அதுக்குக் காரணம் நீங்கதான்.

இன்னா கதைன்னு என்னையே கேக்கறியே, நீ பாக்கலியா? மேகத்துமேல ஒரு கோட்டை. அதுல றெக்க வச்ச பொண்ணு, மின்னின்னு பேரு. கீய சேத்துலேர்ந்து மண்ணால செஞ்ச பொண்ணு ஒன்னு ஏறி வருது. ரெண்டுக்கும் சிநேகிதம். மின்னி அத்தக் கூட்டிக்கினு போயி சாப்பாட்டு மேசையில தன் பக்கத்துல குந்த வைக்குது. மின்னியோட அம்மா, அந்தக் கோட்டைக்காரம்மா, மொறைக்கறா. ஒடனே இது றெக்கைய கயட்டி மேசமேல வச்சிட்டு, இவளுக்கு எடம் இல்லன்னா எனக்கும் சோறு வாணாம், சிநேகிதமும் குடும்பந்தான்னு வசனம் பேசுது. சின்னப் பொண்ணு பேசற பேச்சா இது? எவன் எயுதனான்? அவன் வூட்டுல பொண்ணு கீதான்னு கேட்டுக்கினு வா.

படம் நல்லாதான் வரைஞ்சிக்கீறாங்க, நான் ஞாயமா பேசறவ. அந்தப் பறக்கற மீனுங்க கூட்டமா வருதே, அப்ப நானே கரண்டிய வச்சிட்டு வந்து நின்னு பாத்தேன். அத்தோட வுட்டுக்க வேண்டியதுதான? ராட்சசனக் காட்டு, மந்திரத்தக் காட்டு, யாரு வாணான்னா. பெத்தவளக் கெட்டவளாக்கிக் காட்டறது எதுக்குன்றேன்.

தெரிஞ்சவங்களப் பாக்கச் சொல்லுவியாவா? ஆவாதவங்க வூடு ரெண்டு கீது, அவங்களுக்குச் சொல்றேன். சிரிக்காத, வெளாட்டுக்குச் சொல்லல.

நீ எந்தூரு? தாம்பரமா. தாம்பரத்துல யாரு? அதான்ப்பா, இன்னா ஆளுங்க? சும்மா தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன். சொல்லாட்டி போ. தண்ணி வேணும்னா வெளிய பைப்பு கீது, புடிச்சிக் குடி, நல்ல தண்ணிதான்.

எம் பொண்ணு நல்ல பொண்ணு. எதுத்துப் பேசமாட்டா. அன்னிக்கி அவகூடப் படிக்கற சுகிர்தா வந்துச்சி, காலனி பீட்டரு பொண்ணு. பீட்டரு எங்க கயனியிலதான் வேலை செய்யறான். அவங்க வூட்டுல டிவி ரிப்பேராம். உள்ளதான் வுட்டேன், அத்தயும் எயுதிக்கோ. ஹாலுல ஃபேனுக்கு அடியில குந்திதான் பாத்துச்சி. எங்க மாமியா இருந்தா நடக்குமா?

கதை முடிஞ்சிச்சி, சாப்பாட்டு நேரம், கறிக்கொயம்பு. இவ அந்தப் பொண்ணு கையப் புடிச்சி இய்த்துக்கினு போயி மேசையில பக்கத்துல குந்த வச்சிட்டா. இவ அப்பா கைய கயுவிக்கினு வராரு. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு? தொரத்தல. ஒரு வார்த்த திட்டல. வாம்மா பின்னாலன்னு கூட்டிக்கினு போயி மாட்டுக்கொட்டாயாண்ட குந்த வச்சிப் போட்டேன். வேலைக்கு வரவங்களுக்குன்னு ஒரு அலுமினியத் தட்டு கூரையில சொருகி வச்சிக்கீறோம், அதுலதான். கறி ரெண்டு துண்டு சேத்தே போட்டேன். அந்தப் பொண்ணும் துன்னுச்சி, தட்டக் கயுவி திரும்ப அதே எடத்துல சொருகிட்டுப் போயிச்சி. அதுங்களுக்குத் தெரியும்ப்பா. தெரியாதது எம் பொண்ணுக்குத்தான்.

மறுநாள் காலையில நாஷ்டாவுக்குக் கூப்புடறேன், ஆளக் காணம். போயி பாத்தா கொட்டாயாண்ட அந்தத் தட்ட வச்சிக்கினு குந்திக்கினு கீறா. அதுல போடும்மான்றா. அன்னிலேர்ந்து மூணு வேளையும் அங்கதான், அந்தத் தட்டுலதான். பேஜாரு புடிச்ச பொண்ணு. துன்னுட்டு, கயுவி, சொருகிட்டு ஸ்கூலுக்குப் போறா. பசிச்சா தானா உள்ள வருவான்றாரு அவரு. அவதான் வயிறு நெறையத் துன்றாளே, பசிச்சி எங்க வர்றது. கத்தி சண்டை போட்டா கூட தாங்கிக்குவேன். போடமாட்டேன்றா. எனக்கு ஒரு வாயி எறங்கல.

எதுக்குக் காத்துக்கினு கீறான்னு எனக்குத் தெரியாதா? கதைக் கடைசியில அந்தக் கோட்டைக்காரம்மா எறங்கி வந்து, ரெண்டு பொண்ணுங்களுக்கும் நடுவுல மண்ணுத் தரையில குந்தி துன்றா இல்ல. எல்லாரும் கை தட்டறாங்க, பாட்டு வருது, முடிச்சிட்டீங்க. உங்களுக்கின்னா. துன்னு முடிச்சி அந்தம்மா கோட்டைக்குள்ள திரும்பப் போனாளே, அவ புருசன் அவள இன்னா கேட்டான்? அத்த ஏன் காட்டல? அத்தயும் காட்டியிருந்தா நானும் பாத்துத் தெரிஞ்சிக்கினு இருப்பேன்ல.

நேத்து மத்தியானம் நானும் என் தட்டுல சோத்தப் போட்டுக்கினு பின்வாசப்படி வரைக்கும் போனேன்ப்பா. அவ பாத்துட்டா. கொஞ்சம் நவுந்து எடம் கூட வுட்டா. எங்க வூட்டுக்காரரு அந்தாண்ட நின்னுக்கினு இருந்தாரு. ஒன்னும் கேக்கல, சும்மா பாத்தாரு. திரும்பி வந்து மேசமேலயே வச்சிட்டேன். இத்த எயுதாத.