பாதி மாத்திரை

ராபர்ட்சன்பேட்டை பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “உம்பொண்ணு கை நடுங்குறதப் பாத்தா எனக்குப் பொறாமையா கீது.”

“இன்னாக்கா பேசுற! நெஞ்சு படபடங்குதுன்னு ராவெல்லாம் அழுவுது. மொதல்லயே பயந்த பொண்ணு.”

“நடுக்கம் குடுத்தாலும் அந்த மாத்திரையாலதான ஓடாம ஒக்காந்து படிக்குது?”

“சோறு துன்னதும் குடுன்னாரு டாக்டரு. எங்கூட்டுக்காரருக்கு ரெண்டாவது ஷிப்ட். மத்தியான ஷிப்ட் சங்கு ஊதறதுக்கு முன்னாடிதான் எங்கூட்ல சோறு, அப்ப குடுத்தேன். அதான் ராத்தூக்கமே போச்சாம். இன்னிக்கி டாக்டரு திட்டிட்டாரு. காலையிலயே, அதுவும் பாதிதான் குடுக்கணுமாம்.”

“மீதிப் பாதிய எனக்குக் குடேன். எம்பொண்ணு புக்கத் தொறந்தாலே தூங்குது.”

“அந்தத் தூக்கத்துல பாதிய எம்பொண்ணுக்குக் குடுக்கா. அப்பறம் கேளு.”