ஓயாமல் கதைக்கிறார்

சங்கு ஊதினால் கடலுக்கும், மணி அடித்தால் கோயிலுக்கும் ஊரை நகர்த்துகிற எங்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவர் கிறிஸ்ரி அவர்களே! வழக்கத்துக்கு மாறாக இன்று பிரசங்கம் கேட்க வந்திருக்கும் பங்குச் சுவாமி அவர்களே! குருநகரின் பெரியோர்களே! அடுப்பில் கறியை வைத்துவிட்டு, அது அடிப்பிடிக்குமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மாரே! முப்பத்துநான்கு ஆண்டுகள் என் வெண்கட்டித் தூளைச் சுவாசித்தும் பிழைத்திருக்கும் பழைய மாணவர்களே! எல்லோருக்கும் இந்த நதானியேலின் வணக்கம்.

என்ன, பின்னுக்குச் சத்தம்? கதையுங்கோ, கதையுங்கோ! இண்டைக்குத் தடை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பாவி மேடை ஏறியிருக்கிறேன்.

அன்பர்களே! இந்த மண்டபம் இன்று வாழ்த்துகிற செல்வி ஜெசிதா யார்? யாகோப்புவின் மகள். வேறு யார்? என் வகுப்பில் வாய் மூடாத வாயாடி! உயர்தர வகுப்பிலே இரண்டு வருசம், வருசத்துக்கு மூன்றாக ஆறு தவணை. ஆறு தவணைக்கும் ஆறு றிப்போட். ஆறிலும் புள்ளி அரைகுறை. ஆறிலும் என் கைப்பட ஒரு குறிப்பு. முதல் தவணை, ‘வகுப்பில் கதைக்கிறார்.’ இரண்டாம் தவணை, ‘அதிகம் கதைக்கிறார்.’ மூன்றாம் தவணை, ‘ஓயாமல் கதைக்கிறார்.’ நான்காம் தவணை, ‘வெளியில் விட்டாலும் கதைக்கிறார்.’ மற்ற இரண்டையும் சுவாமிக்கு முன்னால் வாசிக்க மாட்டேன்.

அப்படிப்பட்ட பிள்ளை என்ன செய்தாள்? கொழும்புக்குப் போய், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கான பொதுச் சோதனை எழுதினாள். ஆயிரத்து அறுநூற்றுக்கு எவ்வளவு? ஆயிரத்து ஐந்நூற்றிருபது! நான் நம்பினேனா? நம்பவில்லை. பிறகு விசாரித்தேன். அங்கே ஆளுக்கொரு கணினி, இரண்டு பக்கமும் தடுப்பு. கதைக்க ஆளில்லை, ஐயா! வேறு வழியில்லாமல் கணக்குச் செய்திருக்கிறாள்.

ஒரு கல்லூரி முழுப் புலமைப்பரிசில் தருவதாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூட றிப்போட்டும் கேட்டது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆறையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். நல்ல மனிதர், தமிழ்நாட்டிலே வளர்ந்தவர். அவருடைய ஊரில் பேசுவார்கள், நம்முடைய ஊரில்தானே கதைப்போம்? அவர் எழுதிவிட்டார், ‘வகுப்பில் கதைகள் சொல்கிறார். நிறையக் கதைகள் சொல்கிறார். ஓயாமல் கதைகள் சொல்கிறார். வெளியில் விட்டாலும் கதைகள் சொல்கிறார்’ என்று!

சிரிக்கிறீர்கள். அந்தக் கல்லூரியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. ‘சோதனையில் உயர்ந்த புள்ளி, பள்ளியில் தாழ்ந்த புள்ளி. தயங்கினோம். ஆனால் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆசிரியர் விடாது வியந்த கதைசொல்லி அல்லவா? உறுதிப்படுத்துங்கள், இடம் தருகிறோம்’ என்று எழுதியிருந்தது.

அன்று பின்னேரமே யாகோப்பு மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை நண்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். “சேர், ஓம் எண்டு ஒரு சொல்லு எழுதிவிடுங்கோ. என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை அதிலை கிடக்கு” என்றார். நண்டை வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சுவாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். வாங்கினேன்.

பேனையை எடுத்தேன். ஓம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் பிள்ளை வீட்டோடு. பார்த்து எழுதியவனுக்கெல்லாம் பூச்சியம் போட்ட இந்தக் கை, பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியது, சபையோரே!

அப்போது ஜெசிதா சொன்னாள்: “வேண்டாம் சேர். நாளைக்கு அந்தக் கல்லூரி ஆக்கள் ஒரு கதை சொல்லு பாப்பம் எண்டு கேட்டால் நான் எங்கை போறது?”

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப ரெண்டு வருசமா என்னத்தைக் கதைச்சனீ?” என்று கத்தினேன். ஆறு குறிப்பு எழுதிய நான், அதை அன்றுதான் முதல்முறை கேட்கிறேன்.

“பக்கத்திலை இருந்த ஸ்ரெல்லாவுக்குக் கரும்பலகை தெரியாது சேர். கண்ணாடி வாங்கேல்லை. நீங்கள் எழுதிறதை வாசிச்சுச் சொன்னனான்.”

“முழு நேரமுமோ?”

“இல்லை சேர், அரைவாசி நேரம். மிச்ச நேரம் உங்களைப்போலக் கதைச்சுக் காட்டினனான்.”

“இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?”

“வாய் திறந்தாலே வெளியிலை போ எண்டுதானே சேர் சொல்லுவியள்?”

உயரமான பிள்ளை பின்வரிசை என்று ஸ்ரெல்லாவைக் கடைசியில் இருத்தியவன் யார்? நான். கரும்பலகையில் கேள்வி எழுதிப்போட்ட பரீட்சைகளில்கூட, பக்கத்தில் வாசித்துக் காட்டியவளைப் பாதியில் எழுப்பி வராந்தாவில் விட்டவன் யார்? நான். பிறகு புள்ளி குறைவென்று சிவப்பு மையால் கோடு போட்டவன் யார்? நானேதான். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எழுதினேன். ‘மொழிபெயர்ப்பு பிழை. இவர் கதை சொல்லவில்லை, கதைத்தார். பாதி தோழிக்குக் கண்ணாக, பாதி எனக்குக் கண்ணாடியாக. இவருடைய குறைந்த புள்ளிகளில் ஒரு பங்கு என்னுடையது’ என்று எழுதி அனுப்பினேன். ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலே, பதில் இல்லை. அந்த ஐந்து கிழமையும் யாகோப்பு என்னோடு கதைக்கவில்லை. நண்டும் வரவில்லை.

பிறகு வந்தது பதில். என்ன பதில்? ‘இடம் உண்டு. ஒரு விடயம் அறியத் தருகிறோம். எங்கள் கல்லூரியில் வகுப்பில் கதைப்பதற்குப் புள்ளி கொடுப்போம்’ என்று!

தட்டுங்கோ, நல்லாத் தட்டுங்கோ! ஸ்ரெல்லா, நீயும் தட்டு. முன்வரிசையில் புதுக் கண்ணாடியோடு இருந்து என் நரையை எண்ணினது காணும், போதும்.

ஆசிரியர்களே, பெற்றோரே! பிள்ளை கதைத்தால் வாயைப் பொத்தாதீர்கள். என்ன கதைக்கிறாய் என்று ஒருமுறை, ஒரேயொரு முறை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

ஜெசிதா, எழும்பு பிள்ளை. போகிற இடம் குளிர். மொழி வேறு, முகங்கள் வேறு. வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் இருக்கச் சொல்லும் எல்லாம். அங்கே உனக்குப் பக்கத்தில் பலகை தெரியாத யாரோ ஒருவர் இருப்பார். உன்னை ஆறு தவணை வெளியில் விட்ட உன் வாத்தி, இந்த ஊர் முழுவதும் கேட்கச் சொல்கிறேன்: கதை, பிள்ளை. ஓயாமல் கதை!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கருகிப்போன கறிகளுக்கும் என் நன்றி. நான் அமர்கிறேன். இனி நீங்கள் கதையுங்கோ. வணக்கம்.