மாவு காய்ந்ததா என்று தொட்டவர்

சுவாமிமலையில் இருந்து கும்பகோணம் போகும் தனியார் பஸ். டிரைவர், கண்டக்டர், கீரைக்கட்டோடு ஒரு அம்மா, முன் சீட்டில் ஒரு கணவர், அவர் மனைவி, பின்னால் நான். மத்தியான வெயில்.

மனைவி சொன்னது காதில் விழுந்தது.

“வாய்க்குள்ள விரலை விட்டு, காஞ்சிருச்சான்னு யாராவது அமுக்கிப் பாப்பாங்களா?”

கணவர் சிலைப் பட்டறையில் மெழுகு உருவத்துக்கு மண் பூசுகிறவராம்.

“பட்டறைப் பழக்கம். மண்ணை அமுக்கிப் பாத்துத்தான் அடுத்த பூச்சு பூசுவோம். கை தானாப் போயிடுச்சு.”

“அசையாம இருங்கன்னு பல் டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. அளவு எடுக்குற மாவு நகந்துடுச்சு. இப்ப செஞ்சு வந்த பல்லு உக்காரவே மாட்டேங்குது.”

“மறுபடி அந்த மாவுத் தட்டை வாயில வச்சா வாந்தி வரும். அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிறேன்.”

“பல்லு கட்டுறதுக்காக ரெண்டு பக்கமும் நல்ல பல்லை ராவியாச்சு. பச்சத்தண்ணி பட்டாலே துடிக்கிறீங்க. இப்படியே கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கெடப்பீங்களா?”

“கெடக்குறேன்.”

“சரி, இறங்குங்க. நான் போயி என் வாயைத் தொறந்து காட்டிட்டு வரேன்.”

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றது. கீரைக்கார அம்மா இறங்கினார். மனைவி முழங்காலை ஒதுக்கிக் கணவருக்கு வழிவிட்டார். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியது.

கண்டக்டர் வந்தார். “கும்பகோணம் எத்தனைங்க?”

மனைவி கணவர் பக்கம் திரும்பினார். அவர்தான் சொன்னார்.

“ரெண்டு.”