சஹனில் மிஞ்சிய இறைச்சி

கலியாண வீட்டிலிருந்து திரும்பும் இரண்டு பெண்கள் கல்முனையில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"இறைச்சி மிஞ்சின சஹன நான் இண்டைக்குத்தான் கண்டன்," என்றாள் மூத்தவள்.

"நான்தானே ராத்தா தின்னல்ல. மெலியிற பவுடர் வாங்கக் காசில்ல. வளவுல முருங்கையும் வல்லாரையும் சும்மா கிடக்கு. அதத் திண்டுதான் மெலியப் பாக்கன்."

"ஓம் புள்ள. நாலு பேர் ஒரே சஹன் தட்டுல கை போட்டுத் தின்னக்குள்ள, நீ மட்டும் கத்தரிக்காயோட திண்டா எங்களுக்கு இறைச்சியில எப்பிடிக் கை போகும்?"

இளையவள் ராத்தாவின் பக்கம் திரும்பினாள்.

"அதுக்காக மூணு பேரும் தொடாம உட்டீங்களா?"

"உட்டம்."

பஸ் காரைதீவைத் தாண்டியது. இளையவள் ராத்தாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வாற கிழமையும் ஒரு கலியாணம் இரிக்கி," என்றாள் மூத்தவள். "அதுக்குள்ள மெலிஞ்சிரு புள்ள."